தரிசு என்று எழுதியது யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பஞ்சாப், சிந்துப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ரயில், வெட்டிய கால்வாய் பற்றித்தான்.

ஹரப்பா செங்கல்லை உடைத்து ரயில் பாதை போட்டது உண்மையா? (வெள்ளவத்தை)

உண்மை. 1865இல் முடிந்த லாகூர்–முல்தான் பாதையில் 100 மைல் அளவுக்கு அந்தச் செங்கல்தான் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் சல்லியாகப் போனது.

ரயில் நிலக்கரியில்தானே ஓடியது, மரம் எப்படி அழிந்தது?

கரி தூரத்திலிருந்து வரவேண்டும், கட்டுப்படியாகாது. ஆரம்பத்தில் எரிந்தது விறகு. அதிலும் ஜண்ட் மரம், அதாவது நம்முடைய வன்னி. மெதுவாக வளரும் மரம், வெட்டின வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அதனால்தான் 1866இல் லாகூருக்குத் தெற்கே சாங்கா மாங்காவில் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சி விறகுக்கென்றே காடு வளர்க்கத் தொடங்கினார்கள்.

சிந்து மாகாணத்துச் சுக்கூர் அணை எவ்வளவு தண்ணீர் தேக்கும்?

தேக்காது. அது குளமல்ல, கதவணை. 66 கதவுகளால் சிந்து நதியின் மட்டத்தை உயர்த்தி ஏழு கால்வாய்களுக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். கேட்கும் முன் என்ன வகைக் கட்டுமானம் என்றாவது பாருங்கள்.

ஆளில்லாத பாலைவனத்தை வெள்ளைக்காரன் சோலையாக்கினான், அதை ஏன் ஒப்புக்கொள்வதில்லை? (கொட்டாஞ்சேனை)

'ஆளில்லாத' என்று யார் சொன்னது? பஞ்சாபில் ராவி ஆற்றுக்கும் சேனாப் ஆற்றுக்கும் நடுவில் உள்ள மேட்டு நிலத்தைச் சாந்தல் பார் என்பார்கள். மழை பெய்தால் மேய்ச்சல்காரர்கள் ஒட்டகத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு அங்கே போவார்கள், காய்ந்தால் ஆற்றங்கரைக்குத் திரும்புவார்கள். அந்த மேய்ச்சலுக்குத் 'திர்னி' என்று வரி வாங்கிய அதே அரசுதான் கால்வாய் வெட்ட வந்தபோது நிலத்தைத் தரிசு என்று எழுதிக்கொண்டது. முன்பும் சொல்லியிருக்கிறேன், பதிவேட்டில் தரிசு என்று கண்டால் யார், எதற்காக எழுதினார்கள் என்று கேளுங்கள்.

சரி, 1892இல் திறந்த கீழ்ச் சேனாப் கால்வாய் 20 லட்சம் ஏக்கர் போலப் பாய்ந்தது, கோதுமையும் பருத்தியும் விளைந்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் மண் கால்வாய், கசிந்த தண்ணீர் வெளியேறப் போதிய வடிகால் இல்லை. ஆழத்தில் கிடந்த நிலத்தடி நீர் வருடா வருடம் ஏறி, மேலே வந்து ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது, சில தலைமுறைக்குள் எத்தனையோ வயல் உவர் நிலமாகிவிட்டது. சோலை என்று எழுதுபவர்கள் கணக்கைத் திறப்பு விழா ஆண்டோடு மூடிவிடுகிறார்கள்.

தண்டவாளத்துக்குக் குறுக்கே அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்கு மரம் எங்கிருந்து வந்தது?

இமயமலைத் தேவதாரு. வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே இறக்கினார்கள். மைலுக்கு 1,800 கட்டை போல. மைலுக்கு, கிலோமீட்டருக்கு அல்ல.