லினக்ஸ் நிறுவலில் வட்டு தென்படவில்லை: வேறு எஸ்எஸ்டி வாங்க வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 11 உடன் புதிதாக வாங்கிய மடிக்கணினியில், வட்டின் ஒரு பகுதியைக் காலியாக ஒதுக்கி, அதில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ முயன்றேன். எந்தப் பார்ட்டிஷனில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பென் டிரைவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இந்த எஸ்எஸ்டி வட்டு லினக்ஸுக்குப் பொருந்தாது, வேறொன்று வாங்குங்கள் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் சிக்கலின்றி ஓடுகிறது என்றால் வட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை. புதியதை வாங்கி அதே இடத்தில் பொருத்தினாலும், பெரும்பாலும் அதுவும் தென்படாது.

உங்களுடையது இன்டெல் செயலி என்றால், முதலில் பார்க்க வேண்டியது பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) உள்ள, வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற இன்டெல் அமைப்பைத்தான். 11ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல மடிக்கணினிகள் இது இயக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. அந்நிலையில் வட்டை இயங்குதளம் நேரடியாக அணுக முடியாது. அதற்கென டிரைவர் எனும் இயக்கு மென்பொருள் வேண்டும். இத்தகைய கணினிகளில் விண்டோஸையே பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவினாலும், இன்டெல் டிரைவரைக் கொடுக்கும்வரை வட்டு தென்படாமல் போவதுண்டு. விற்றவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

லினக்ஸின் புதிய கெர்னல்கள் (மையக்கருக்கள்) விஎம்டியை அறியும் என்பதால், உபுண்டுவின் அண்மைப் பதிப்பைக் கொண்டு ஒருமுறை முயல்வதே எளிய வழி. அதிலும் தெரியாவிட்டால் பயாஸில் விஎம்டியை அணைக்க வேண்டும், அல்லது வட்டை நேரடியாக அணுகவிடும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் செய்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். முன்னதாக விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவி வழியாக, அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்து, பயாஸில் மாற்றிவிட்டு, விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பின் அந்த அமைப்பை நீக்கிவிடலாம். சில நிறுவனங்கள் விஎம்டியை அணைக்கும் வசதியைப் பயாஸில் மறைத்தே வைக்கின்றன. லினக்ஸுக்காகவே கணினி வாங்குபவர்கள் அதன் கையேட்டை முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

இவை அனைத்துக்கும் முன், விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11 பல கணினிகளில் உங்களைக் கேட்காமலேயே வட்டைக் குறியாக்கம் செய்திருக்கும். பயாஸில் கைவைத்த மறுகணம் அந்தச் சாவியைக் கேட்கலாம். வழக்கமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

நிறுவிய பிறகு உபுண்டுவில் விண்டோஸ் பார்ட்டிஷன் படிக்க மட்டும் திறந்து, எழுத மறுத்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. அது இயக்கத்தில் இருக்கையில் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். மறுபுறம், லினக்ஸ் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 வகைப் பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது. அதை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.