பிளாக் சபாத்தை முதல் ஆல்பத்திலிருந்தே கேட்க வேண்டுமா?

பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் (கனத்த கிட்டார் ஒலி கொண்ட ராக் இசை) குழுவை எங்கே தொடங்குவது, நேராக 'பாரனாய்ட்' ஆல்பத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம்தான், ஆனால் நான் முதல் ஆல்பத்தையே சொல்வேன். மேற்கே 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் அபசகுனம் என்பார்கள்; 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை பார்த்து வெளியிட்டார்கள் (விவரமான ஆட்கள்!). இசைத்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே நாளில், மேடையில் வாசிக்கிற மாதிரியே பதிவானது. அதனால் பிசிறும் இருக்கும், உயிரும் இருக்கும்.

முதல் பாட்டை இருட்டில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மழை, தூரத்தில் மணியோசை, அப்புறம் திடீரென்று டோனி ஐயோமியின் கிட்டார், மூன்றே சுரங்கள், அதில் கடைசிச் சுரம் வேண்டுமென்றே ஒட்டாமல் உறுத்தும், அந்த உறுத்தலில்தான் பின்னால் வந்த ஹெவி மெட்டலின் பாதி இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவதே அந்தக் கைதான், பிளாஸ்டிக்கை உருக்கி நுனி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆனால் இந்த ஆல்பம் முழுக்க மெட்டல் இல்லை. 'தி விசார்ட்' பாட்டில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மவுத் ஆர்கன் ஊதுவார், பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸ் வாசனை அடிக்கும்.

அடுத்து அதே ஆண்டு வந்த 'பாரனாய்ட்', பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிய 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971). 1975 வரை வரிசையாகவே போங்கள். அதற்கடுத்த இரண்டையும் இப்போதைக்குத் தாண்டிவிடலாம். 1980-இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' மட்டும் தனிக் கணக்கு: பாடுவது ஆஸி இல்லை, ரானி ஜேம்ஸ் டியோ.