பெயர் மறந்துபோன மௌனப் பட காமெடிகளை ஏன் தேடிச் சேர்க்கிறார்கள்?

சாப்ளின், பஸ்டர் கீட்டன் போன்ற பெரிய நட்சத்திரங்களின் மௌனப் படங்கள் எளிதாகக் கிடைக்கும்போது இவை எதற்கு என்று கேட்கிறீர்கள். அமெரிக்க காமெடி நடிகரும் இயக்குநருமான சார்லி பவர்ஸ் எடுத்த ‘எக்ட் ஆன்’ (1926) பாருங்கள், புரிந்துவிடும். முட்டைகளை உடையாததாக்க ஓர் இயந்திரம் கட்டுகிறான் ஒருவன். கார் எஞ்சின் பக்கம் வைத்த முட்டைகள் சூட்டில் பொரிகின்றன; வெளியே வருவதோ குட்டிக் குட்டி ஃபோர்டு கார்கள்! பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த காட்சி அது. இந்தக் கிறுக்குத்தனத்தைப் பெரிய நட்சத்திரங்களிடம் நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரையே உலகம் மறந்துவிட்டது. 1960களில் பிரான்சின் துலூஸ் திரைப்படக் காப்பகத்துக்கு ‘பிரிகோலோ’ என்ற பெயரில் சில சுருள்கள் வந்தன. அது பவர்ஸுக்கு பிரான்சில் வைத்த பெயர் என்று துப்புத் துலக்கித்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காலத்துத் திரையரங்குப் பிரதிகள் இருந்த நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையும், எளிதில் தீயும் பிடிக்கும். அதனால் பல குறும்படங்கள் வீட்டு புரொஜெக்டருக்காக, எளிதில் தீப்பிடிக்காத வேறு வகை பிலிமில் வந்த பிரதிகளில்தான் தப்பின: பாத்தே நிறுவனத்தின் 9.5 மி.மீ. (1922), கோடாக்கின் 16 மி.மீ. (1923). 9.5-இல் புரொஜெக்டர் பிலிமை இழுப்பதற்கான துளைகள் ஓரத்தில் இல்லை, ஃப்ரேம்களுக்கு நடுவே இருக்கும்.

சரி, சேர்க்கப் போகிறீர்களா? பழைய சுருளில் புளித்த வினிகர் வாடை வந்தால் பிலிம் சிதைகிறது என்று பொருள்; புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். மற்றவற்றிலிருந்து தனியே வைத்து, முதலில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.