திருப்புதல் தேர்வில் பொருளியலில் (பேரியல் பாடம்) 62 வந்திருக்கிறது. பொதுத்தேர்வில் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணிப்பது? மார்க்கை எப்படி ஏற்றுவது?

மாநிலப் பாடத்திட்டம், பிளஸ் டூ என்று எடுத்துக்கொள்கிறேன். பேரியல், அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பாடம் என்று கேள்வியில் சொல்லியிருப்பதால் பதினொன்றாம் வகுப்பாக இருக்காது. 62 என்பது நூறுக்கா தொண்ணூறுக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. பள்ளியில் தொண்ணூறுக்குத்தான் போட்டிருப்பார்கள். அகமதிப்பீட்டுப் பத்து தனி. ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு அது பெரும்பாலும் முழுசாகக் கிடைத்துவிடும். ஆக, இன்றைய நிலவரப்படி உங்களுக்கு 72. அழுகிற மார்க் இல்லை.

நான் பொருளியல் ஆசிரியர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் பல வருஷமாகப் போய்வருகிறேன். "மார்க்தான் படிப்பா?" என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கேட்டவர் மார்க்கைப் பற்றிக் கேட்டார், நான் மார்க்கைப் பற்றிப் பதில் சொல்கிறேன்.

மொத்தத்தை வைத்துக் கணித்தால் ஒன்றும் பிடிபடாது. பகுதி பகுதியாகப் பிரியுங்கள். ஒரு மார்க் கேள்விகள் 20, அதற்கு 20. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு எழுதினால் 14, மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு எழுதினால் 21. ஐந்து மார்க் நெடுவினாவில் ஏழு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' போட்டு இரண்டில் ஒன்றை எழுதலாம், 35. உங்கள் 62 என்பது 15, 10, 14, 23 என்று வந்ததா, இல்லை 19, 13, 18, 12 என்று வந்ததா? முதல் வகையில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகுகிறது. இரண்டாவதில் நெடுவினா ஒன்றுதான் வியாதி. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு பெண். தென்காசிப் பக்கம் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். என் பள்ளி இல்லை. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்றே 93 வரும் என்று கணக்குப் போட்டு, அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிவிட்டார். ரிசல்ட் வந்தது, 79. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கி, ஒரு சாயங்காலம் அப்பாவும் மகளும் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ரீவேல்யுவேஷன் போட்டா ஏறுமா சார்?"

"இருங்க அண்ணாச்சி, முதல்ல பாப்போம்."

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அடிக்கோடு, ஓரக்கோடு எல்லாம் கச்சிதம். ஒரு மார்க்கில் நான்கு போயிருந்தது. அதில் இரண்டு தெரியாதவை. மற்ற இரண்டில் குறியீட்டுக்கு 'இ' என்று போட்டு, பக்கத்தில் 'ஆ'வுக்கான விடையை எழுதியிருந்தாள். குறியீடும் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் மார்க் கிடையாது. வெளியே வந்து தோழிகளோடு ஒப்பிட்டபோது இது அவளுக்குத் தெரியவே இல்லை. அ வகை வினாத்தாளும் ஆ வகை வினாத்தாளும் கலந்து நிற்கிற கூட்டத்தில் "அஞ்சாவதுக்கு ஆ-தானே?" என்று கேட்டுப் போடுகிற கணக்கு எப்படிச் சரியாக வரும்? விடைக்குறிப்பை உங்கள் வகை பார்த்து, நீங்களே தனியாக உட்கார்ந்து சரிபாருங்கள்.

அடுத்தது இரண்டு மார்க். ஏழு எழுதியிருந்தாள், ஏழும் சரி. கிடைத்ததோ 12. மூன்று மார்க்கிலும் அப்படியே ஏழு எழுதி 18. அப்பா கூட்டல் தப்பு என்று துள்ளினார். தப்பில்லை. இரண்டு மார்க்கில் 30-வது கேள்வியும் மூன்று மார்க்கில் 40-வது கேள்வியும் கட்டாயம். அதை விட்டுவிட்டு மற்றதில் ஏழு எழுதினால் ஆறைத்தான் கணக்கில் எடுப்போம். இங்கேயே ஐந்து மார்க் காலி. அந்தக் கட்டாயக் கேள்வி அநேகமாகப் பாடத்தின் பின்னால் அச்சடித்திருக்கிற கேள்வியாக இருக்காது, உள்ளேயிருந்து வரும். தெரியாவிட்டாலும் அங்கே இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். அரைகுறை விடைக்கும் ஏதாவது போட முடியும், வெற்றுத்தாளுக்கு என்ன போடுவது?

ஐந்து மார்க்கில்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. பெருக்கியை விளக்கச் சொன்ன கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பொருளியல் அறிஞர் கீன்ஸ் வருகிறார், அவர் புத்தகம் வந்த 1936 வருகிறது, முதலீடு கூடினால் வருமானம் பல மடங்கு கூடும் என்று மூன்று விதமாகச் சொல்கிறாள். சூத்திரம் இல்லை. இறுதிநிலை நுகர்வு விருப்பு, அதாவது கூடுதலாக வருகிற வருமானத்தில் செலவாகிற பங்கு, 0.8 என்றால், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.2, ஒன்றை 0.2-ஆல் வகுத்தால் பெருக்கி 5, அதாவது 100 கோடி புதிதாக முதலீடு செய்தால் வருமானம் 500 கோடி கூடும் என்கிற நாலு வரி எங்கும் இல்லை. விழுந்தது இரண்டு மார்க். விளைவுத் தேவைக்கு, அதாவது நாட்டின் மொத்தத் தேவையும் மொத்த அளிப்பும் சமமாகிற நிலைக்கு, படம் போட்டிருந்தாள். தொகு தேவைக் கோடும் தொகு அளிப்புக் கோடும் வெட்டுகிற புள்ளி சரியாக இருந்தது, ஆனால் எக்ஸ் அச்சில் வேலைவாய்ப்பு என்று எழுதவில்லை, ஒய் அச்சும் மொட்டை. பெயர் இல்லாத படத்துக்கு எந்த ஆசிரியரும் முழு மார்க் போட மாட்டார். பணம் துறைக்குத் துறை சுற்றிவருவதைக் காட்டுகிற நாலு துறை வட்ட ஓட்டத்தில் வெளிநாட்டுத் துறையையே காணோம். குடும்பம், நிறுவனம், அரசு என்று மூன்றோடு நிறுத்திவிட்டாள்.

"அண்ணாச்சி, திருத்தினவர் மேல தப்பு சொல்ல முடியாது. போட்டா காசுதான் போகும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "30-ஆவது கட்டாயம்னு உங்க ஸ்கூல்ல யாரும் சொல்லலையாளா?" என்று மகளைத்தான் கேட்டார். அவள் பள்ளியில் அந்த வருஷம் பாதிக்கு மேல் பொருளியலுக்கு ஆளே இல்லையாம். வேறு பாட ஆசிரியர் ஒருவர் வந்து கைடைப் பார்த்து முக்கியக் கேள்வி குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சொன்னால் என் சக ஆசிரியர்களே கோபப்படுவார்கள், படட்டும். எங்கள் பாடம் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். "பொருளியல்தானே, கதை எழுதினாப் போதும்." கணக்குப்பதிவியல் சிறப்பு வகுப்புக்கு யாருடைய பீரியடை வாங்குவார்கள்? என்னுடையதை. சென்டம் எடுத்த பிள்ளைகளை ஃபிளெக்ஸில் போடும்போது பொருளியல் சென்டம் கடைசி வரிசை, தபால்தலை அளவு. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாதா? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களும் நினைக்கிறார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் கதைக்கு வருகிறேன். 15, 10, 14, 23 என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு இருபது வீதம் 240 ஒரு மார்க் கேள்வி பாடங்களின் பின்னால் இருக்கிறது. அதை விடை மட்டும் மனப்பாடம் செய்யாமல் நாலு தெரிவையும் படித்தால் நாலு மார்க் ஏறும். ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935, நாட்டுடைமையானது 1949, பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானது 1969, உலக வர்த்தக அமைப்பு 1995, நிதி ஆயோக் 2015 என்று வருஷங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டாயக் கேள்வி இரண்டும் விடாமல் எழுதினால் இன்னொரு ஐந்து. படங்களுக்கு அச்சுப்பெயர், பெருக்கிக்கும், பண அளவையும் விலைமட்டத்தையும் இணைக்கிற ஃபிஷர் சமன்பாட்டுக்கும் சூத்திரம், இவற்றால் ஐந்தாறு. தொண்ணூறுக்கு 76, 77 வரை இதிலேயே வந்துவிடும். பத்தைச் சேர்த்தால் 86, 87. அதற்கு மேல் வேண்டுமென்றால் கடைசிப் பாடமான புள்ளியியலுக்குப் போங்கள். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்கிற அளவு), ஒட்டுறவுக் கெழு (இரண்டு விஷயங்களுக்கு உள்ள தொடர்பின் அளவு) என்கிற கணக்குகளைப் பார்த்து முக்கால்வாசிப் பேர் ஓடுகிறார்கள். ஆனால் நெடுவினாவில் திருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து போடுகிற இடம் அதுதான். அட்டவணை போட்டு, கூட்டல் சரியாக இருந்தால் குறைக்க வழியே இல்லை.

எழுதி முடித்தபின் கணிக்கும்போது, நெடுவினாவில் படமும் சூத்திரமும் வைத்த விடைக்கு மட்டும் ஐந்து போடுங்கள், மற்றதற்கு மூன்று. அப்படிப் போட்ட கணக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று மார்க் வித்தியாசத்தில் வந்து நிற்கும். சிபிஎஸ்இ என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே பேரியலுக்கு 40, இந்தியப் பொருளாதாரத்துக்கு 40, செயல்திட்டத்துக்கு 20.

காலை பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்து, வாசிக்கப் பத்து நிமிஷம் தருவார்கள். எடுத்தவுடன் 30-ஐயும் 40-ஐயும் பாருங்கள். அப்புறம் மற்றது.