கேளுங்க அக்கா: மீட்டிங்ல ஒரு நாற்காலி குடுத்தா போதுமா?

கேள்வி: அக்கா, நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். எங்க ஃபேகல்டில பாடத்திட்டத்த பாக்கற ஒரு கமிட்டிக்கு மாணவர் பிரதிநிதியா உன் பேர போடவானு கேக்கறாங்க, போட்டியே இல்ல, வாக்ஓவர்தான். ரூம் முழுக்க புரொஃபசருங்க, நான் ஒருத்திதான் ஸ்டூடன்ட். சும்மா பேருக்கு உக்கார வைக்கறாங்களோனு தோணுது, அம்மா வேற ஜிபிஏ (மொத்த மார்க் சராசரி) விழுந்துடும்னு பயப்படறாங்க. போகவா வேணாமா?
(மாணவி, சுவா சூ காங்)

போ தங்கச்சி. ஆனா சரினு சொல்றதுக்கு முன்னாடி அந்த கமிட்டியோட டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ கேட்டு வாங்கி படிச்சிடு, உனக்கு ஓட்டு இருக்கா இல்ல கருத்து மட்டும் சொல்லலாமா, அந்த கமிட்டியே முடிவெடுக்குதா இல்ல மேல சிபாரிசு பண்றதோட சரியானு அதுலயே தெரிஞ்சிடும். நம்ம சிங்கப்பூர்ல மாணவர்களுக்கு கிடைக்கற இடம் பெரும்பாலும் சிபாரிசு பண்ற பக்கம்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (என்டியு) 2006ல தன்னாட்சிப் பல்கலைக்கழகமா மாறிச்சு, ஆனா தலைமேல இருக்கற அறங்காவலர் போர்டு ஆளுங்கள நியமிக்கறது கல்வி அமைச்சர்தான், படிப்பு சம்பந்தமான பெரிய முடிவெல்லாம் பேராசிரியர்கள் சபைல. அர்ஜென்டினாவுல 1918லயே கோர்டோபா பல்கலைக்கழக மாணவர்கள் போராடி நிர்வாகத்துல பங்கு வேணும்னு வாங்கினாங்க, அந்த வரலாறு வேற, நம்ம வரலாறு வேற.

அதனால பேருக்கு உக்கார வைக்கறாங்களோங்கற உன் சந்தேகம் தப்பில்ல. 2021 ஆகஸ்ட் 27 நினைவிருக்கா, நீ அப்ப ஸ்கூல்ல இருந்திருப்ப. அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டியும் என்யுஎஸ்சும் சேர்ந்து ஆரம்பிச்ச யேல்-என்யுஎஸ் காலேஜ மூடப்போறோம், என்யுஎஸ்ல இருந்த யூனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராமோட சேர்த்து புது காலேஜ் ஆக்கப்போறோம்னு அறிவிச்சாங்க. அங்க படிச்சிட்டிருந்த பிள்ளைங்களுக்கே முடிவெடுத்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சது. மேலேர்ந்து இப்படி முடிவ இறக்காதீங்கனு ஒரு மனு போட்டு பத்தாயிரம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க, முடிவு மாறல, 2022ல புது காலேஜ் ஆரம்பிச்சாச்சு. மாணவர் தலைவர்கள் இல்லாமலா இருந்தாங்க, இருந்தாங்க, அந்த முடிவு எடுத்த ரூம்ல அவங்களுக்கு இடமில்ல, அவ்வளவுதான்.

ஆனா என்யுஎஸ்லயே 2019ல நடந்தத பாரு. குளியலறைல தன்னை படம் புடிச்ச ஆளுக்கு கிடைச்ச தண்டனை போதாதுனு ஒரு மாணவி வெளிப்படையா எழுதினாங்க, ஊரே கொதிச்சது, டவுன் ஹால் கூட்டம் நடந்துச்சு, மறுஆய்வு கமிட்டி போட்டு அந்த ஜூன் மாசமே தண்டனைய கடுமையாக்கினாங்க, பாதிக்கப்பட்டவங்களுக்கு தனி பிரிவும் வந்துச்சு. அந்த அழுத்தம் கமிட்டிக்குள்ளேர்ந்து வரல, வெளியிலேர்ந்துதான் வந்துச்சு. ஆனா கோபம் அடங்கின பிறகு விதிய எழுத யாராவது உக்காரணும்ல, இந்த வார்த்தை எங்க பிள்ளைங்களுக்கு எப்படி அடிக்கும்னு சொல்ல அங்க ஒரு ஸ்டூடன்ட் இருக்கணும். உன் வேலை அதுதான்னு நான் நினைக்கறேன், பெரிய புரட்சியெல்லாம் எதிர்பாக்காத.

இன்னொண்ணு, யாரும் சொல்லித்தர மாட்டாங்க. மீட்டிங்ல எதுவும் முடிவாகறதில்ல, வர்றப்பவே பாதி வெந்துதான் வரும். பேப்பர்ல தலைப்புக்கு பக்கத்துல 'தகவலுக்கு', 'விவாதத்துக்கு', 'ஒப்புதலுக்கு'னு போட்டிருக்கும், ஒப்புதலுக்குனு வந்ததுக்கு அங்க கை தூக்கி சண்டை போட்டா எல்லாரும் பாவம் புள்ளனு பாத்துட்டு அடுத்ததுக்கு போயிடுவாங்க. அதனால பேப்பர் கைக்கு வந்த அன்னிக்கே படி, கேள்விய செக்ரட்டரிக்கு முன்னாடியே மெயில் போடு. செக்ரட்டரிய மட்டும் சாதாரணமா நினைக்காத, அஜெண்டா போடறதும் மினிட்ஸ் (மீட்டிங்ல பேசினதோட பதிவு) எழுதறதும் அவங்கதான், சேர்மன விட அவங்க தயவு முக்கியம்னு கூட சொல்வேன். அப்புறம் 'எல்லாரும் ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்காங்க புரொஃப்'னு சொன்னா தலையாட்டுவாங்க, எந்தெந்த மாட்யூலுக்கு ஒரே வாரத்துல மிட்டெர்ம் விழுதுனு ஒரு பக்க டேபிள் போட்டு நீட்டு, அப்ப யாராவது பேனாவ எடுப்பாங்க. நீ சொன்னது மினிட்ஸ்ல வரலன்னா அடுத்த மீட்டிங்ல மினிட்ஸ உறுதி செய்யறப்ப திருத்தம் கேளு, அது உன் உரிமை, வெக்கப்படாத.

அம்மாகிட்ட வருஷத்துக்கு எத்தனை மீட்டிங், எந்த வாரம்னு காலண்டர காட்டிடு, நான் சொல்றதவிட அது வேலை செய்யும்.

கேள்வி: என் மகன் மாணவர் சங்கத்துல நிக்கறேங்கறான். எங்க அப்பா காலத்துல சங்கம்னாலே போலீஸ்னு சொல்வாரு. பின்னாடி வேலைக்கு பிரச்சனை வருமா?
(தந்தை, ஈசூன்)

அண்ணே, உங்க அப்பா கற்பனை பண்ணி சொல்லல. 1974ல சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவரா இருந்த டான் வா பியாவ், ஆட்குறைப்பான தொழிலாளர்கள் விஷயத்துல இறங்கினாரு, கலவரம் பண்ணதா வழக்கு வந்து 1975ல ஜெயிலுக்குப் போனாரு, அந்தக் குற்றச்சாட்ட அவர் மறுத்தாரு. அதே வருஷம் சட்டத்த திருத்தி சங்கத்தோட அமைப்பையே மாத்தினாங்க. அந்தக் காலத்து மாதிரி சங்கம் இப்ப இல்ல. இன்னிக்கு உங்க மகன் பேசப்போறது பெரும்பாலும் ஹாஸ்டல் வாடகை, கேன்டீன் விலை, ஷட்டில் பஸ் கூட்டம், ஓரியன்டேஷன் கேம்ப். சொல்லப்போனா கொஞ்சம் அதிகமாவே அடங்கிப்போச்சுங்கறது என் வருத்தம். வேலைக்கு எடுக்கறவங்க இத நல்லதாத்தான் பாப்பாங்க, தாராளமா நிக்கட்டும்ணே. ட்ரெஷரர் பதவி மட்டும் வேணாம்னு சொல்லுங்க, ரசீது தேடியே அவன் செமஸ்டர் போயிடும்.

கேள்வி: கமிட்டில குடுத்த ரகசிய பேப்பர நம்ம டெலிகிராம் குரூப்ல போடலாமா அக்கா? பிள்ளைங்களுக்கு தெரியணும்ல.
(பேர் வேண்டாம்)

போடாத தம்பி. ஒரு தடவ வெளிய போச்சுனா அடுத்த பேப்பர்லேர்ந்து உனக்கு பாதிதான் வரும், உனக்கு அப்புறம் வர்ற பிரதிநிதிக்கு அதுவும் வராது. மீட்டிங் முடியறப்ப சேர்மன்கிட்டயே 'இதுல எத நான் வெளிய சொல்லலாம்'னு எல்லார் முன்னாடியும் கேளு. அவர் சொல்ற அளவு நீ நினைச்சதவிட அதிகமா இருக்கும், அத அன்னிக்கு ராத்திரியே குரூப்ல போடு. ஒண்ணுமே சொல்லக்கூடாதுனு சொன்னா, 'பேசினாங்க, சொல்ல அனுமதியில்ல'னு அதையே எழுது.