முழங்கால் தேய்வுக்கு ஒப்பரேசன்தான் வழியா?

கிளிநொச்சியில் வயல் செய்யும் அம்மாவுக்கு முழங்கால் வலி, உடனே மூட்டு மாற்றவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படவேண்டாம், முதலில் என்ன நோய் என்று பார்க்கவேண்டும்.

காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விரல்கள் இறுகி, இரு கை மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். அதற்கு மெதொட்ரெக்சேற் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கவேண்டும். மெதொட்ரெக்சேற்றைக் கிழமைக்கு ஒருமுறை மட்டும் போடவேண்டும்; தினமும் போட்டால் உயிராபத்து.

வெறும் தேய்வு என்றால், கதிரையில் இருந்து காலை நீட்டித் தொடைத்தசையை இறுக்கும் பயிற்சி, நிறைக் குறைப்பு, வலிக்குப் பூசும் ஜெல். நோவுக் குளிசையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட விடாதீர்கள், சிறுநீரகம் பழுதாகலாம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏற்கெனவே பலருக்கு.

நித்திரையும் இல்லை, முற்றத்தில் நடக்கவும் ஏலாது என்றால் சத்திரசிகிச்சை சரி. மாற்று மூட்டு பொதுவாக 15–20 வருடம் தாங்கும். ஆனால் குந்தியிருந்து களை பிடுங்குவது கஷ்டம். வீட்டில் கொமட்டும் தேவைப்படும்.