பிளஃப்: கல்வீடும் குன்றும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சான் ஹுவான் ஆற்றங்கரையில் உள்ள பிளஃப் என்னும் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். மார்மன் என்னும் கிறித்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்த முன்னோடிக் குடியேறிகளின் கோட்டை, நீல்சன் என்ற டேனியக் குடும்பத்தின் செம்மணற்கல் வீடு, மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம் ஆகியவற்றைக் காட்டினார்கள். வீட்டின் செழிப்பைப் பார்த்தபோது, முன்னோடிகள் பட்ட துன்பம் பற்றிய பேச்சு சற்று மிகையோ என்று தோன்றியது. உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஊருக்கு மேற்கே, கோம்ப் ரிட்ஜ் மலைமுகட்டை ஒட்டிய சான் ஹுவான் குன்றைப் பார்த்த பிறகே அந்த வீட்டுக்கு வர வேண்டும்.

யென்ஸ் நீல்சனும் மனைவி எல்சியும் 1856இல், உடைமைகளைக் கைவண்டியில் ஏற்றித் தாமே இழுத்து யூட்டாவுக்குச் சென்ற மார்மன் குடியேறிகளின் வில்லி குழுவில் இருந்தவர்கள். காலம் தாழ்ந்து புறப்பட்ட அக்குழு வயோமிங்கில் பனிப்புயலில் சிக்கி, ஏறத்தாழ 500 பேரில் அறுபதுக்கும் மேற்பட்டோரை இழந்தது. நீல்சன் தம்பதியின் சிறு மகனும், அவர்களை நம்பி அனுப்பப்பட்ட ஒரு சிறுமியும் அவ்வாறு இறந்தவர்களே. பாதங்கள் உறைந்து நடக்க இயலாமற்போன கணவரை எல்சியே வண்டியில் ஏற்றி இழுத்தார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அந்தப் பாதங்களோடுதான், 1879இல், ஐம்பத்தொன்பது வயதில், சான் ஹுவான் பகுதியில் குடியேறுமாறு திருச்சபை விடுத்த அழைப்பை ஏற்று யென்ஸ் மீண்டும் வண்டி கட்டினார். ஆறு வாரத்தில் முடியும் என்று நம்பிய பயணம் ஆறு மாதம் நீண்டது. கொலராடோ ஆற்றை அடைய ஒரு செங்குத்தான பாறைப் பிளவை வெடிமருந்தால் அகலப்படுத்தி, ஓரிடத்தில் பாறைச் சுவரில் துளையிட்டு முளைகள் அறைந்து, அவற்றின்மேல் மரங்களைப் பரப்பிப் பாதை அமைத்து, 1880 ஜனவரி 26 அன்று வண்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். இறுதியில் வந்தது சான் ஹுவான் குன்று. சறுக்கி முழந்தாளிட்டு ஏறிய குதிரைகளின் குருதியும் மயிரும் அந்தப் பாறைவழியில் ஒட்டியிருந்ததாகப் பதிவு உண்டு. அவர்கள் செல்லவிருந்த இடம் மான்டசூமா ஓடை. அதற்கு இன்னும் சிறிது தொலைவே மிச்சமிருந்தும், ஏப்ரல் 6 அன்று, இனி இயலாது என்று பலர் நின்றுவிட்ட இடமே பிளஃப் ஆயிற்று.

நீங்கள் கண்ட செழிப்பு உடனே வந்ததன்று. வெட்டிய வாய்க்கால்களை ஆறு மீண்டும் மீண்டும் அழித்தது. 1884 வெள்ளம் பெரும் சேதம் விளைவித்தது. உழவு கைகொடுக்காததால் மாடு வளர்ப்புக்குத் திரும்பினார்கள், அந்தப் பணத்தில் பிற்காலத்தில் எழுந்தவையே கல்வீடுகள். ஊரின் பிஷப்பாக நெடுங்காலம் இருந்த யென்ஸ் 1906இல் இறந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கொரு மனக்குறை உண்டு. இந்த நிலம் ஆளற்றுக் கிடந்ததன்று; நவாஹோ, யூட் பழங்குடி மக்கள் வாழ்ந்து புழங்கிய நிலம். பியூப்லோ மக்களின் முன்னோர் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு கட்டிய பெருமனையின் எச்சம், அதே கல்லறைத் தோட்டத்தின் அருகிலேயே இருக்கிறது. கோட்டைக்கு வருவோர் பலர் அதைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள். நீல்சன் குடும்பத்தின் துயரை மதிப்பவர்கள் அதையும் அவசியம் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.